வீமன் உறுமாத 16 நாள்

நான் வீமனுக்கு அடிச்சது ஒரேயொரு தரம்தான். தும்புத்தடிப் பிடியால, முதுகில, அதுவும் பெரிசா நோகிற மாதிரி இல்ல. அன்னைக்கு வீட்டில எல்லாருக்கும் என்னில நல்ல சந்தோசம், பின்னேரம் மாமி தேத்தண்ணியோட ரெண்டு முறுக்கும் வச்சுத் தந்தா எண்டாப் பாருங்களன். ஆனா அந்த அடிதான் இந்த ஒரு வருசமா என்னப் போட்டுக் குடையுது. புள்ள பிறக்க முதல் நாய எப்பிடிப் பழக்கவேணும் எண்டு மாசக்கணக்கா வாசிச்சு, வீடியோ வீடியோவாப் பாத்து, ஒவ்வொண்டாச் செய்தும் முடிச்ச ஆள் நான். பிழைவிட்டது ஒரு இடத்திலதான். ஆனா அந்த இடத்துக்கு வாறதெண்டா முதல்ல வீமன் எங்கட வீட்டுக்கு வந்த கதையச் சொல்லோணும்.

எங்கட வீடு எண்டு சொல்றன், உண்மையில அது மனிசிட வீடு. மட்டக்களப்பில அது எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வீடு வளவு பொம்புளப் புள்ளைக்கு, மாப்பிள உடுப்பு பேக்கத் தூக்கிக்கிட்டு வாறது. நான் பாண்டிருப்பில இருந்து நாவற்குடாவுக்கு கல்முனை றோட்டால 30 கிலோமீற்றருக்கு மேல வந்தன், வரக்குள்ள பேக்கோட ஒரு நாயும் வந்திச்சி. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புச் சனத்துக்குள்ள ஆரோ விட்டிட்டுப்போன குட்டி அது, எலும்பும் தோலுமா நிண்டத கூட்டாளி ஒருத்தன் பகிடிக்கு வீமன் எண்டு கூப்பிட்டான், அந்தப் பேரே நிண்டுட்டு. கலியாணப் பேச்சில சீதனக் கதை எல்லாம் முடிஞ்ச பிறகு நான் மெதுவா நாயும் வரும் எண்டன். மாமா சிரிச்சார், மாமி சிரிக்கல்ல. "மாப்புள பகுதியும் சீதனம் தாறாங்க போல" எண்டு பிறகு குசினிக்குள்ள சொன்னதா மனிசி சொன்னா.

மாமி ஒவ்வொரு வெள்ளியும் வைரவருக்கு விளக்கு வைக்கிற ஆள். வைரவர்ட வாகனம் விறாந்தையில ஏறினா மட்டும் தும்புத்தடியோட வருவா. அதால வீமனுக்கும் எனக்கும் அந்த வீட்டில கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான், சாப்பாடு குறைவில்ல, மரியாதை குறைவில்ல, ஆனா எங்க இருக்கிறது எங்க இருக்கக்கூடாது எண்டு பாத்துத்தான் இருக்கோணும். வீமன் எங்கட அறை யன்னலுக்குக் கீழ, வெளியால, மணலக் கிண்டி ஒரு குழி செஞ்சு அதில படுத்துக்கொண்டான். நானும் எனக்கெண்டு ஒரு கதிரையப் பிடிச்சுக்கொண்டன்.

நாய்க்கும் ஒரு கிளினிக்

மனிசிக்கு மூணு மாசம் ஆனதும் ஊரே ஆலோசனை சொல்ல வெளிக்கிட்டிட்டு. நாய் மயிர் வயித்துக்குள்ள போனா புள்ளைக்கு முட்டு, அதான் ஆஸ்மா, வரும், நாய் இருக்கிற வீட்டில கர்ப்பம் தங்காது, இப்பிடி. ரெண்டாவது கதை பூனைட கழிவால வாற ஒரு கிருமியப் பத்தின விசயம், அத ஆரோ கொண்டுவந்து நாயில ஒட்டிவிட்டிருக்காங்க. முட்டு விசயத்தில நான் ஒள்ளுப்பம் பயந்துதான் தேடிப் பாத்தன். 2012ல பின்லாந்தில 397 பிள்ளைகள முதல் ஒரு வருசமும் பின்தொடந்து பாத்த ஒரு ஆய்வு வந்திருக்கு, நாய் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு சளிசுரம், காதுவருத்தம் எல்லாம் குறைவாத்தான் வந்திருக்கு. பின்லாந்துக் குளிரையும் நாவற்குடா வெக்கையையும் ஒண்டா வச்சுப் பாக்க ஏலாதுதான், ஒரு ஆய்வோட எல்லாம் முடிஞ்சுபோறதும் இல்ல, ஆனா மாமிக்கு முன்னால வைக்க என்னட்ட ஒண்டு இருந்திச்சி.

மிட்வைஃப் மிஸ் வீடு பாக்க வந்த அன்னைக்கு வீமனக் கண்டிட்டு கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி, விசர்நாய் ஊசி போட்டதா, பூச்சிக் குளிசை குடுக்கிறதா. அவ போன பிறகுதான் விளங்கிச்சி, ஊர் சொன்ன அவ்வளவு கதையிலயும் உண்மையாப் பயப்பிடவேண்டியது இந்த ரெண்டும்தான். விசர்நாய் வருத்தம் அறிகுறி காட்டத் தொடங்கினா பிறகு ஆளக் காப்பாத்துறது எண்ட கதையே கிட்டத்தட்ட இல்ல, ஊசியோ வருசத்துக்கு ஒருக்கா, அரசாங்கம் சும்மா போட்டுவிடுது. பூச்சி விசயம் எங்கட பக்கத்துக்கு இன்னும் கூடுதலாப் பொருந்தும், ஏனெண்டா எங்கட வளவெல்லாம் கடற்கரை மணல், புள்ள தவழுறதும் அந்த மணல்ல, நாய் இருக்கப்போறதும் அந்த மணல்ல. உருண்டைப் புழுட முட்டை நாய்ட கழிவோட வெளிய வந்த உடன தொத்தாது, மண்ணுக்குள்ள ரெண்டு மூணு கிழமை கிடந்து முத்தினாத்தான் ஆபத்து. அப்ப ஒவ்வொரு நாளும் அள்ளினா பாதிப் பிரச்சினை முடிஞ்சிது. கொக்கிப்புழு அப்பிடி இல்ல, ஈர மணல்ல அது கெதியாப் பொரிச்சு வெறுங்காலால தோலுக்குள்ளயே ஏறும். மூணு மாசத்துக்கு ஒருக்கா குளிசை, விடிய எழும்பி தேங்காய்ச் சிரட்டையும் சின்ன மண்வெட்டியுமா வளவு சுத்துறது, இதுதான் நான் அப்பா ஆகிறதுக்கு முதல் எடுத்த பயிற்சி.

அடுத்தது சத்தம். யூடியூப்பில சின்னப்புள்ள அழுற சத்தத்த எடுத்து, போன் வொலியூம ஒண்டில வச்சு, வீமன் கேக்கக்குள்ள ஒரு துண்டு அவிச்ச கோழி ஈரல் குடுத்தன். நமக்கு 20,000 ஹேர்ட்ஸோட காது நிண்டுபோகும், நாய்க்கு 45,000 வரைக்கும் கேக்கும் எண்டு வாசிச்சிருந்தன், அதால எனக்குக் கேக்காத சத்தமும் அவனுக்குள்ள போகும் எண்டு ஒவ்வொரு புள்ளியாத்தான் கூட்டினன். ஒரு மாசத்தில முழு வொலியூமில புள்ள கத்துது, வீமன் வாலாட்டிக்கொண்டு நிக்கிறான். அடுத்த வீட்டு அக்கா வேலியால எட்டிப் பாத்து, "என்ன தம்பி, இன்னும் நாலு மாசம் இரிக்குத்தானே, அதுக்குள்ள ஆர்ர புள்ள அழுவுது?" எண்டு கேட்டா. இதவிட மோசம் பொம்மை. மச்சாள்ட மகள்ட பொம்மை ஒண்ட துவாயில சுத்தி, தோள்ல போட்டு, நான் வளவுக்குள்ள அங்கயும் இங்கயும் நடந்து, வீமன் பாயாம பக்கத்தில நடந்தா ஈரல், பாஞ்சா கிறுகிப் போறது. மாமா அதப் பாத்து ஒண்டும் சொல்லல்ல, பேப்பர மட்டும் முகத்துக்கு நேரா உயத்திப் பிடிச்சார்.

கஸ்டமா இருந்தது கடற்கரை நடைதான். ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு நானும் அவனும் கரவலை இழுக்கிற இடம்மட்டும் போய் வருவம். புள்ள வந்த பிறகு அது சரிவராது எண்டு தெரியும், ஆனா புள்ள வந்த நாளில இருந்து நிப்பாட்டினா நாய் அத புள்ளையோட சேத்து முடிச்சுப்போட்டுடும், அதால முன்கூட்டியே குறைச்சு நேரத்த மாத்திக்கொண்டு வந்தன், ஒரு நாள் எட்டு மணி, ஒரு நாள் பின்னேரம், ஒரு நாள் இல்ல. இல்லாத நாளில கேற்றடியில போய் நிண்டு என்னத் திரும்பித் திரும்பிப் பாப்பான் பாருங்க, அத மட்டும் என்னால தாங்க ஏலாமப் போச்சு.

நெற்றியில மணந்தது

சீசர் பண்ணித்தான் மகள் பிறந்தா. ஆசுப்பத்திரியில இருந்து முதல் நாள் இரவு நான் வரக்குள்ள புள்ளையச் சுத்தியிருந்த துணியொண்ட கையோட கொண்டுவந்தன், மூக்குக்குப் பிடிக்காம நிலத்தில வச்சிட்டு தள்ளி இருந்தன். வீமன் வந்து மணந்தான், நிமிந்து என்னப் பாத்தான், மறுகா மணந்தான், பிறகு அதுக்குப் பக்கத்திலயே படுத்திட்டான். நான் அந்த இரவு விறாந்தையில இருந்து அழுதன் எண்டத மனிசிக்கு இன்னும் சொல்லல்ல, இத வாசிச்சுத் தெரிஞ்சுகொள்ளட்டும்.

புள்ளையக் கொண்டுவந்த அன்னைக்கு நான் புள்ளையத் தூக்கல்ல, மாமி தூக்கினா. முதல்ல நான் வெறுங்கையோட உள்ள போய் வீமனோட கொஞ்சம் விளையாடி அவன்ட துள்ளல் அடங்கின பிறகுதான் ஓட்டோவில இருந்து ஆக்கள் இறங்கினாங்க. மகள் படலையடியிலயே கத்தத் தொடங்கிட்டா. வீமன் ஓடி வந்தான், மாமி "ஐயோ" எண்டா, ஆனா அவன் புள்ளையப் பாக்கவே இல்ல, நேரா என்னட்ட வந்து என்ட கையப் பாத்து வாயூறிக்கொண்டு இருந்தான். புள்ள அழுதா ஈரல் வரும் எண்டுதானே அவன் படிச்சு வச்சிருக்கான். அதுக்குப் பிறகு ரெண்டு மாசத்துக்கு புள்ள அழுற நேரமெல்லாம் வீமன் குசினி வாசல்ல. இரவு ரெண்டு மணிக்கும்.

புள்ள பிறந்து 31 நாள் கழியும்மட்டும் ஏணை கட்டின அறைக்குள்ள அவனுக்கு இடமில்ல, வாசல்ல குறுக்கால ஒரு பலகை. மாமிக்கு அது துடக்கு, அதான் பிள்ளப்பேற்றுத் தீட்டு, எனக்கு அது எல்லை, ரெண்டு பேரும் ஒரே பலகைய வேற வேற காரணத்துக்கு வச்சம், சண்டையே வரல்ல. சரக்கு அரைக்கிற மணமும் சாம்பிராணிப் புகையும் வரக்குள்ள வீமன் தும்மிக்கொண்டு பலகைக்கு அங்கால படுத்திருப்பான். துடக்குக் கழிச்ச அன்னைக்கு நான் புள்ளைய மடியில வச்சுக்கொண்டு அவனக் கூப்பிட்டன். வந்து நெற்றிய ஒருக்கா மணந்துட்டுப் போனான். நான் நினைச்சன் எல்லாம் முடிஞ்சிது, பாஸ் எண்டு.

அடி

இத வாசிக்கிற ஆக்கள் ஆரும் நாயோட புள்ள பெறப்போறீங்க எண்டா ஒண்டச் சொல்றன். ஏணையில கிடக்கிற புள்ள நாய்க்குப் பெரிய பிரச்சினை இல்ல. அது ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். தவழத் தொடங்கின புள்ள வேற ஆள். அது நாய் இருக்கிற உயரத்தில, நாய்ட முகத்துக்கு நேரா, ஒரு ஒழுங்கும் இல்லாம வருது, வந்து பிடிக்குது, பிடிச்சா விடாது. நான் வாசிச்சதில முக்கால்வாசியும் பிறக்க முதல் செய்யவேண்டியதப் பத்தித்தான், எட்டாம் மாசத்தப் பத்தி நான் பெரிசா வாசிக்கவே இல்ல.

எட்டாம் மாசம் ஒரு ஞாயிறு. விறாந்தையில வாங்குக்குக் கீழ வீமன் நித்திரை, அந்த நேரம் அளவில மாமி விறாந்தைக்கு அனுமதி குடுத்திருந்தா. மகள் தவழ்ந்துபோய் அவன்ட பின்னங்காலப் பிடிச்சா. வீமன் உறுமினான். பல்லு காட்டல்ல, எழும்பல்ல, தலைய மட்டும் தூக்கி, தொண்டைக்குள்ளால ஒரு நீளமான உறுமல். எல்லாரும் கதிரையால எழும்பிட்டம். மனிசி புள்ளையத் தூக்கினா, மாமி என்னப் பாத்தா. அந்தப் பார்வையில என்ன இருந்திச்சி எண்டு எனக்கு நல்லா விளங்கிச்சி, உங்கட நாய், நீங்க கொண்டுவந்தது. நான் தும்புத்தடிய எடுத்தன். நாய்க்குப் பாடம் படிப்பிக்கத்தான் அடிச்சன் எண்டு அண்டைக்குச் சொல்லிக்கொண்டன், இப்ப யோசிச்சா மாமி பாக்கத்தான் அடிச்சிருக்கன். அந்த வீட்டில நான் ஒரு நாளும் குரல் உயத்தினதில்ல, எனக்கு மேல ஆரும் உயத்தினதும் இல்ல, முதல் தரம் கை உயந்தது என்னோட கூட வந்தவனுக்கு மேல.

அதுக்குப் பிறகு வீமன் உறுமல்ல. 16 நாள். எண்ணினது பிறகுதான், கலண்டரப் பாத்து. அந்த நாளெல்லாம் வீட்டில ஒரே புழுகம், "இப்பதான் நாய்க்குப் புத்தி வந்திரிக்கு" எண்டு மாமி வாறவங்களுக்கெல்லாம் சொன்னா. நானும் தலையாட்டினன்.

16ம் நாள் மத்தியானம் மனிசி குளிக்கப் போயிருந்தா, நான் பக்கத்தில போனப் பாத்துக்கொண்டு இருந்தன், பாத்துக்கொண்டு இருக்கிறன் எண்டு நானே நினைச்சுக்கொண்டிருந்தன். நிமிந்து பாக்கிறன், மகள் வீமன்ட காத ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்து வாய்க்குள்ள வைக்கப் பாக்கிறா. ஒரு சத்தமும் இல்ல. வீமன் கல்லு மாதிரி இருக்கான். உடம்பு முழுக்க இறுகி, வாய் மூடி, நாக்கால உதட்ட ஒருக்கா நக்கினான், மூஞ்சிய அங்கால திருப்பியும் கண்ண மட்டும் இஞ்சால வச்சிருக்கான், கண் ஓரத்தில வெள்ளை பிறை மாதிரித் தெரியுது. வால் ஆடல்ல. அவன் பாத்தது புள்ளைய இல்ல, என்ன.

நான் புள்ளையத் தூக்கினன். ஒண்டும் நடக்கல்ல, ஒரு கீறல் இல்ல. ஆனா எனக்குக் கைகால் நடுங்கி அரை மணித்தியாலத்துக்கு கதைக்க ஏலாமப் போச்சு. ஏனெண்டா முதல் தரம் அவன் உறுமினபடியாத்தான் நாலு பேர் எழும்பி ஓடினம். இந்தமுறை நான் போன விட்டு நிமிராட்டி? கடிக்கிறதுக்கு முதல் நாய் செய்யிற வேலை ஒண்டிருந்தா அது அந்த உறுமல்தான், அதத்தான் நான் தும்புத்தடியால அடிச்சு நிப்பாட்டியிருக்கன். பயமும் நோவும் அவனுக்குள்ள அப்பிடியே இருக்கு, சொல்றதுக்கு இருந்த வாய மட்டும் நான் மூடிட்டன்.

அடுத்த கிழமை ஊசி போடக் கொண்டுபோகக்குள்ள மிருக வைத்தியரிட்ட இதச் சொன்னன். அவர் ஊசிய ஏத்திக்கொண்டே, "றெயில் கடவையில மணி அடிக்குது எண்டு எரிச்சல்பட்டு மணியக் கழட்டி எறிஞ்சிட்டீங்க, றெயில் நிண்டிட்டா?" எண்டு கேட்டார். கொஞ்சம் கோவமாத்தான் கேட்டார்.

சங்கிலி

அந்த மத்தியானம் எனக்கு முதல் வந்த யோசனை சங்கிலி. கிணத்தடி மாமரத்தில கட்டிவிட்டா பிரச்சினை முடிஞ்சிது எண்டு கடைக்குப் போய் வாங்கியும் வந்திட்டன். அதக் கண்ட உடன கத்தினது மாமி. நாய விறாந்தையில ஏறவிடாத மாமி, நாய் வந்த நாளில இருந்து மூஞ்சிய நீட்டின மாமி, "கட்டக்கூடாது தம்பி, இந்த வளவுக்குள்ள நாய் கட்டக்கூடாது" எண்டு சங்கிலியப் பறிச்சிட்டா.

பிறகு மனிசிதான் சொன்னா. 2004 டிசம்பர் 26 அவங்க கல்லடியில, திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கம் இருந்தவங்க, கடல் வந்து கோயில் கோபுரமே சரிஞ்சுபோன அந்த இடத்தில. ரெண்டு புள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினாவாம் மாமி. வீட்டு நாய் பின்பக்கத்தில சங்கிலியோட. அவிழ்க்க நேரம் இல்ல. நாலு வருசமா நான் இருக்கிற வீட்டில இந்தக் கதைய ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல, நானும் மாமிக்கு நாய் பிடிக்காது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கன்.

வைத்தியரும் கட்டவேணாம் எண்டுதான் சொன்னார், கட்டின நாய்க்கு விலகிப்போக வழி இல்ல, வழி இல்லாட்டி மிஞ்சிறது பல்லு மட்டும்தான். அதால நாங்க தலைகீழாச் செய்தம். விறாந்தை ஓரத்தில முழங்கால் உயரத்துக்கு ரெண்டு பலகை அடிச்சு அங்கால அவனுக்கு ஒரு சாக்கு, அவன் பாஞ்சு போவான், புள்ள போக ஏலாது. அவன் அங்க படுத்திருந்தா ஒருத்தரும் தொடக்கூடாது, மாமா உட்பட. அவன் கொட்டாவி விட்டா, உதட்ட நக்கினா, மூஞ்சியத் திருப்பினா, அதுக்குள்ள புள்ளைய நாங்க எடுக்கோணும். பெரிய ஆள் ஒருத்தர் கையெட்டுற தூரத்தில போன் இல்லாம இருந்தாத்தான் ரெண்டு பேரும் ஒண்டா இருக்கலாம், இல்லாட்டி இடையில பலகை. எழுதக்குள்ள லேசா இருக்கு. வீட்டில அஞ்சு பேர் ஒரு நாய்ட கொட்டாவியக் கவனிக்கிறது எண்டா லேசில்ல, எத்தனையோ நாள் நான்தான் மறந்தன்.

உறுமல் உடன திரும்பி வரல்ல. அடிச்சது ஒரு நிமிசம், அவன் திரும்ப என்ன நம்ப மூணு மாசம் கிட்ட எடுத்திச்சி. தும்புத்தடிய மாமி கூட்ட எடுத்தாக்கூட அவன் எழும்பிப் போயிடுவான், அதப் பாத்து மாமி குசினிக்குள்ள தும்புத்தடி வைக்கிற இடத்தையே மாத்தினா. ஒரு நாள் பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம், மகள் இப்ப பிடிச்சுக்கொண்டு நிப்பா, பலகைக்கு மேலால கையப் போட்டு வாலப் பிடிக்கப் போனா. அங்கால இருந்து வந்திச்சி, மெல்லமா, தொண்டைக்குள்ளால, ர்ர்ர்ர். நான் கதிரையில இருந்து பாதி எழும்பி நிக்கிறன், எனக்கு அழுறதா சிரிக்கிறதா எண்டு தெரியல்ல. மாமி விளக்குத் திரியத் திரிச்சுக்கொண்டே, "நாய் சொல்லுது, புள்ளையத் தூக்கு" எண்டு மனிசிக்குச் சொன்னா. மனிசி தூக்கினா. வீமன் தலையச் சாக்கில வச்சான்.

மகளுக்கு இப்ப 20 மாசம். அம்மா, அப்பா, வீம், இந்த மூணும் நல்லாச் சொல்லுவா. போன கிழமை மத்தியானம் மாமி சோறு தீத்திக்கொண்டிருந்தா, சூடை மீன் முள்ளெடுத்துப் பிசைஞ்சு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் எண்டு. மகள் தலைய அங்கால திருப்பினா. மாமி கைய அங்கால கொண்டுபோனா. மகள் வாய இறுக்கி மூடி மாமிட கண்ணப் பாத்து தொண்டைக்குள்ளால ர்ர்ர்ர் எண்டா.

மாமி என்னப் பாத்தா. பிறகு கோப்பையக் கீழ வச்சிட்டா.